பதினோரு நாள் நோட்டு

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தேன். பதினெட்டுப் பக்கம். திரையில் படித்தால் கண் தாங்குவதில்லை. கையில் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கவும் தெரியாது. இருபத்தாறு வருடம் தமிழ் டீச்சராக இருந்தால் இப்படித்தான் ஆகும். "உம்மா, பின்னாடி இருக்குற கேள்விகள மட்டும் பாருங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குப் புரியுமான்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் யுனிவர்சிட்டிக்கு எழுதினது, உங்களுக்கு போர் அடிக்கும்" என்றாய். நான் மற்றதைத்தான் முதலில் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒன்பது நாளாக அங்கேயே நிற்கிறேன். புதன்கிழமை நீ உன் துறைக் குழுவின் முன்னால் இந்தத் திட்டத்தை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மூன்றாம் பக்கத்தில் நீ ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். டெல்டாவின் கடலோர ஊர்களில், கை கழுவுவதையும் தொழுகைக்கு முன் ஒளு செய்வதையும் நிறுத்த முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் பெற்றோரின் அறியாமை. இது ஒரு நோய், இதற்கு சி.பி.டி. என்று ஒரு சிகிச்சை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் அழைத்து வருவார்கள். ஆய்வாளரின் சொந்தக் குடும்பத்திலும் இதுவே நடந்தது. இந்த நான்கு வரியின் மேல்தான் மீதிப் பதினைந்து பக்கமும் நிற்கிறது. குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் விளக்கக் கையேடும் வகுப்பும் கொடுத்து, அவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக வருகிறார்களா, பிள்ளைகள் சீக்கிரம் தேறுகிறார்களா என்று பார்க்கப்போகிறாய். நல்ல திட்டம். சுத்தமான எழுத்து. அறியாமை என்ற சொல்லை மட்டும் நீ எடுத்து எனக்குப் போர்த்திவிட்டிருக்கிறாய். ஒன்பது நாள் அதற்குள் இருந்து பார்த்தேன். இருக்க முடியவில்லை. எனக்குத் தெரியும், தம்பி. அப்போதே தெரியும்.

உனக்குப் பத்து வயது. உன் வாப்பா ஷார்ஜாவில். அதிராம்பட்டினத்து வீட்டில் நான், நீ, உன் லாத்தா, என் மூத்தவள் பர்வீன். கை, வாய், மூக்கு, முகம், கால் என்று வரிசையாகக் கழுவும் ஒளுவுக்கு மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் ஆகும். உனக்கு முதலில் பத்து நிமிடம் ஆனது. பிறகு இருபது. பிறகு பள்ளிவாசலில் எல்லாரும் தொழுது முடித்துச் செருப்பு மாட்டும்போதும் நீ தொட்டியோரம் உட்கார்ந்து இடது முழங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நனைந்ததா இல்லையா என்ற சந்தேகம். கண் நனைந்தது என்று சொல்லும். மனம் ஒத்துக்கொள்ளாது. திரும்ப முதலிலிருந்து. எதிர்வீட்டுக்காரி என்னிடம், "என்னா பேணுதலான புள்ள! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, தண்ணியக் கண்டா பூனை மாதிரி ஓடுது" என்றாள். பேணுதல். மார்க்கத்தில் ஒரு இம்மியும் பிசகாமல் நடப்பவரை நம் ஊரில் அப்படிச் சொல்வோம். அந்தச் சொல்லை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களிடம் சொன்னேன். உன் வாப்பாவிடம் போனில் சொன்னேன். உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, குழம்பின் காரம் பட்டு, சோற்றில் கை வைத்ததும் நீ உதட்டைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பள்ளிவாசல் இமாம் ஒருநாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பிள்ளையைப் பாராட்டத்தான் என்று நினைத்து, புதுப் புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார். "டீச்சரம்மா, மூணு தடவைக்கு மேல கழுவச் சொல்லி மார்க்கத்துல இல்ல. நான் பக்கத்துல நின்னு எண்ணிக் காட்டினேன். அவனால நிறுத்த முடியல, அழுவுறான். இது பேணுதல் இல்லம்மா. வஸ்வாஸ். பயம் புடிச்சு ஆட்டுது. ஓதிப் பாக்கச் சொன்னா ஓதுறேன். ஆனா அதோட விட்டுறாதீங்க. தஞ்சாவூர்ல இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. என் மச்சான் மகளுக்கு அங்கதான் காட்டினோம்." ஒரு துண்டுத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தார். உன் திட்டத்தின் ஏழாம் பக்கத்தில், மார்க்கப் பெரியவர்கள் சிகிச்சைக்குத் தடையாக இருக்கக்கூடும் என்று ஒரு வரி இருக்கிறது. வேறு ஊரில் இருக்கலாம். நம் வீட்டுக் கதையை வைத்து அதை எழுதியிருந்தால் அடித்துவிடு. பாராட்டை வாங்கப் போனவள் தாளை வாங்கி வந்தேன். அந்தக் கோபத்தில் நான்கு மாதம் அதைப் பிரிக்கவே இல்லை.

பிறகு போனோம். உன் கையிலிருந்து ரத்தம் வந்தபிறகு. ரயிலடிப் பக்கம் ஒரு கட்டடம், குறுகலான மாடிப்படி, மேலே இரண்டு கதவு. ஒன்றில் சர்க்கரை நோய் மருத்துவர். இன்னொன்றில் மனநல ஆலோசனை என்று பலகை. உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருவர். உன்னிடம் நோய் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. "பயம் வரும்போது அதுக்கு மார்க் போடுவோமா? நூத்துக்கு எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். நீ வகுப்பில் முதல் மாணவன். நிமிர்ந்து உட்கார்ந்து, "நூத்துக்கு நூறு" என்றாய், பெருமையாக. அவர் சிரித்துவிட்டார். "இதுல மட்டும் நீ ஃபெயிலாகணும் தம்பி. அதுதான் பாஸு." நீயும் சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணு தடவை கழுவிட்டு வந்துடட்டும். பயம் வரும். வரட்டும். அரை மணி நேரம் திரும்பக் கழுவாம இருக்கணும். பயம் தானா எறங்கும், அத அவனே பாக்கணும். அவன் வந்து 'ஒளு கூடிருச்சா, சரியா முடிஞ்சுதா உம்மா'ன்னு கேப்பான். பதில் சொல்லாதீங்க." கேட்கிற பிள்ளைக்கு எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது என்றேன். "நீங்க கூடிருச்சுன்னு சொன்னா அவனுக்கு அஞ்சு நிமிஷம் நிம்மதி. ஆறாவது நிமிஷம் திரும்பக் கேப்பான். அந்த அஞ்சு நிமிஷ நிம்மதியத் தின்னுதான் இது வளருது." எட்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார். உன் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். ஐந்து கட்டம். தேதி. வந்த நினைப்பு. பயம் நூற்றுக்கு எத்தனை. என்ன செய்தேன். அரை மணிக்குப் பிறகு எத்தனை.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. நீ எழுத ஆரம்பிக்க மூன்று நாள் ஆனது. பதினோரு நாள் எழுதியிருக்கிறாய். முதல் நாள்: கால் விரலுக்கு நடுவுல தண்ணி போகல. 95. சும்மா உக்காந்தேன். 95. நான்காம் நாள்: முழங்கை. 90. உம்மாவ கேட்டேன், உம்மா பேசல. 80. அன்று நான் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ சொல்லுங்க உம்மா, இனிமே கேக்க மாட்டேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்காக நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். ஒன்பதாம் நாள்: மூக்கு. 70. கேரம் விளையாண்டேன். 40. பதினொன்றாம் நாள் கடைசிக் கட்டத்தில் எண்ணே இல்லை. "பார்க்க மறந்துட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். இதை நீ இப்போது படிக்கும்போது உன் படிப்பு உனக்குச் சொல்லும். ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் பயத்தைப் பார்க்க மறந்துவிட்டது. நான் படிக்காதவள் இல்லை. எனக்கும் அன்றே புரிந்தது. சிகிச்சை வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த நாட்களில் பர்வீனுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல இடம். மாப்பிள்ளையின் மாமி ஹபீபா, அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும். இரண்டாவது தடவை நாம் அந்த மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்தார். "அட, நீ எங்கம்மா இங்க? யாருக்கு மேலுக்கு முடியல?" என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. "எனக்குத்தான் மாமி, ஒத்தத் தலைவலி. கண் டாக்டர்னு நெனச்சுத் தப்பா ஏறி வந்துட்டேன். நீங்க?" "நமக்கு வேற என்ன, சக்கரதான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். உன்னைப் பார்த்தார். "கையில என்ன நோட்டு தம்பி?" நீ மலர்ந்துபோய்ச் சொல்ல ஆரம்பித்தாய். "இது என் பயத்துக்கு..." நான் நோட்டைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். "வீட்டுப்பாடம் மாமி." அவர் சிரித்தார். "டாக்டர் வாசல்லயும் வீட்டுப்பாடமா? வாத்தியாரம்மா புள்ளன்னா சும்மாவா!" அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அந்தப் பெண் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமிக்கு உன் பெயர் தெரியாது. நீ எழுந்தாய். நான் உன் தோளில் கை வைத்து அழுத்தினேன். நீ உட்கார்ந்தாய். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் படிக்கட்டைப் பார்த்தேன். அவர் என்னையும் என் கையையும் பக்கத்தில் இருந்தவரையும் ஒரு கணம் பார்த்தார். புரிந்துகொண்டார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

தம்பி, அந்தக் கதவைச் சாத்திய விதத்தைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கோபமாகவே சாத்தியிருக்கக் கூடாதா.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம். சம்பா நடவு நேரம். ஒரத்தநாடு தாண்டியதும் இரண்டு பக்கமும் சேற்றில் வரிசையாகப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாய். "இவங்கல்லாம் வீட்டுக்குப் போயி எத்தன தடவ கழுவுவாங்க உம்மா?" "ஒரு தடவ." "ஒரு தடவ போதுமா?" "போதும்." "நெசமாவா?" "நெசமாத்தான்." பட்டுக்கோட்டை வருவதற்குள் இதையே எத்தனை முறை கேட்டாய் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். இரண்டு வாரம் பூட்டியிருந்த வாயைத் திறந்துவிட்டேன், உனக்குச் செய்த காரியத்துக்கு ஈடாக எதையாவது கொடுக்கவேண்டும்போல் இருந்தது. கடைசியாகக் கேட்டாய். "அந்த அக்கா ஏன் என்னை உள்ள விடல?" உன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், உனக்கு ஒன்றுமில்லை, இனி நோட்டு எழுத வேண்டாம் என்றேன். நீ நம்பினாய். உனக்கு அந்த வயதில் என்னை நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று கொல்லைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அரை மணிக்கு மேல். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, "எங்க அந்த வீட்டுப்பாடத் தம்பி?" என்று ஹபீபா மாமி கேட்டார். "ஒளு செய்யுறான் மாமி. ரொம்பப் பேணுதல்" என்றேன். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். மாமி மட்டும் கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சம்பந்தம் முடிவானது. உன் நோயை ஜரிகை வைத்து விரித்து, அதன்மேல் அவர்களை உட்காரவைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம். ஒவ்வொன்றையும் எழுதினால் என்னை அடித்துக்கொள்வது போலாகும், அதிலும் ஒரு சுகம் உண்டு. அது வேண்டாம். ஒன்று மட்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. நீ ஐந்து மணிக்கே எழுந்தாய். ஒன்பதரைக்கும் குழாயடியில் இருந்தாய். பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். நீ திரும்பி வந்து ஈரக் கையோடு கூடத்தில் நின்றாய். கண் பட்டுவிட்டது என்று தெருவே சொன்னது. ஆமாம் என்று தலையாட்டினேன். உன் வாப்பாவிடமும் அதையே சொன்னேன். அன்று பீரோவில் உன் நோட்டு இருந்தது, ரயிலடி விலாசமும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்பட அப்போது காரணமும் இல்லை. பர்வீனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். ஆனாலும் போகவில்லை. ஒருமுறை மறைத்ததை, மறைத்தேன் என்று சொல்லாமல் எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கல்லூரியில் நீயாகவே ஒரு கதவைத் தட்டினாய். நீயாகவே தேறினாய். லீவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு ஒரு பேரு இருக்கு உம்மா, இது குணமாகக்கூடியது, உங்களுக்குத் தெரியாமப் போச்சு, நீங்க என்ன செய்வீங்க" என்றாய். நான் அழுதேன். நீ அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். போன வருடம் போனில் கேட்டாய். "ஒரு மாடிப்படி ஞாபகத்துல வருது உம்மா. ஒரு அக்கா எனக்கு நோட்டு குடுத்தாங்க. அது யாரு?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குத் தலைவலிக்குப் போனப்ப நீ கூட வந்த. சும்மா இருக்கட்டும்னு நோட்டு குடுத்தாங்க" என்றேன். பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்ன பொய்க்குப் பயத்தைக் காரணம் சொல்லலாம். இருபத்துமூன்று வயது ஆளிடம், அதே துறையில் படிப்பவனிடம், தன் சொந்த நினைவை நம்பலாமா என்று கேட்டவனிடம் சொன்னதற்கு என்ன காரணம் சொல்வேன்? நீ "ஓ, சரி" என்றாய். அந்த "ஓ, சரி"தான் இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

போன வாரம் பர்வீன் வந்திருந்தாள். மேசையில் உன் தாள்களைப் பார்த்து, "என்ன உம்மா, தம்பி எழுதினதுக்கும் செவப்புப் பேனாவா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஆறுதல். எனக்காகத்தானே செய்தீர்கள் என்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "என் பேரச் சொல்லாதீங்க உம்மா. எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? தம்பி குழாயடியில கெடக்க, நான் மாலை போட்டுக்கிட்டு நிக்கணும்னு நான் கேட்டேனா?" பிறகு ஒன்று சொன்னாள். ஹபீபா மாமிக்குச் சர்க்கரையே கிடையாதாம். மாமா இறந்தபிறகு ராத்திரியில் நெஞ்சு படபடத்து, செத்துப்போய்விடுவோமோ என்று பயம் வந்து, வீட்டில் சொல்லாமல் தஞ்சாவூரில் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தாராம். ஒருநாள் ஊர்க்காரி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாளாம். அதோடு விட்டுவிட்டாராம். மருமகள் என்றும் பாராமல் இதை அவளிடம் சொல்லி அழுதாராம், அந்த ஊர்க்காரி யார் என்று மட்டும் சொல்லாமல். இரண்டு பேரும் ஒரே கதவுக்குத்தான் போயிருக்கிறோம். ஒருவருக்கொருவர் பயந்து இரண்டு பேரும் இறங்கி வந்திருக்கிறோம். பர்வீன் கிளம்பும்போது வாசலில் நின்று, "தம்பிக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

அதனால் உன் திட்டத்துக்கு வருகிறேன். நீ கேட்டது கேள்விகளைப் பற்றி. முப்பத்திரண்டு கேள்வி அதிகம். அடுப்பில் சோறு கொதிக்கும்போது எந்தத் தாயும் முப்பத்திரண்டுக்குப் பதில் சொல்ல மாட்டாள், பன்னிரண்டுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவாள். நோன்பு மாதத்தில் போகாதே. சி.பி.டி.க்கு நீ எழுதியிருக்கும் "அறிகை நடத்தைச் சிகிச்சை" என்பதை எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி என்று சொல், போதும். "உங்கள் குழந்தையின் சடங்குகளில் நீங்கள் பங்கேற்கிறீர்களா?" என்றால் கத்னா, கல்யாணம் மாதிரி விசேஷங்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். "சுத்தமாகிவிட்டதா என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்கிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேள். இவ்வளவும் டீச்சர் சொல்வது. இனி நான் சொல்வது வேறு. இது நோய் என்று தெரியுமா என்ற உன் முதல் கேள்விக்கு, என் போன்றவர்கள் தெரியாது என்றுதான் எழுதுவார்கள். தெரியாது என்பது மரியாதையான பதில். அதை வைத்து நீ கையேடு அச்சடிப்பாய். அவர்கள் நன்றி சொல்லி வாங்கிப் பீரோவில் வைப்பார்கள். அதைக் கேட்காதே. அங்கே போனால் யார் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள், அந்தக் கேள்வியைக் கேள். பெயரைக்கூடக் கேள், எழுதிக்கொள்ளாதே. பெஞ்சைப் படிக்கட்டுக்கு எதிரில் போடாதே. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதே.

பதினான்காம் பக்கத்தில், பாதியில் நின்றுவிட்டவர்கள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்பட மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். பாதியில் நின்றவர்கள் நாம்தான், தம்பி. அந்தப் பெண்ணின் பதிவேட்டில் நீ அப்படித்தான் இருந்திருப்பாய். இரண்டாவது தடவை வரவில்லை என்று ஒரு குறிப்பு. வாசல் வரை வந்ததையும் உட்கார்ந்திருந்ததையும் அவர் எழுதினாரோ என்னவோ. வருகிறவர்களை வைத்து நீ என்ன தெரிந்துகொள்வாய்? அவர்கள் வந்துவிட்டார்கள். நின்றுபோனவர்களைத் தேடிப் போ. உன் வழிகாட்டி, இது பட்டமேற்படிப்புக்குப் பெரிய வேலை என்பார், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்பார். முதல் ஆள் கிடைத்துவிட்டாள் என்று சொல். உன் சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் அப்படித்தான் விலகினேன். காரணத்தை இப்போது சொல்லியிருக்கிறேன். அதே படிவத்தில் குழந்தையின் சம்மதம் என்று தனியாக ஒரு கோடு விட்டிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னை உட்காரவைத்தபோது உன்னிடம் யாரும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் பிற தாய்மாரும் படிக்கட்டும் என்று எனக்கு ஆசை. மூடி வைத்ததால் வந்ததுதான் எல்லாம். ஆனால் இந்த முறை உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். நீ சரி என்றால் வெளியிடு. பர்வீன், ஹபீபா என்பவை அவர்களின் உண்மைப் பெயர்கள் இல்லை. என் பெயரைப் போடும் அளவுக்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதையும் உன் ஆய்வில் எழுதிக்கொள்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். பிரிக்கும் முன் ஒன்று தெரிந்துகொள். உன் பதினோரு நாளுக்குப் பிறகு மீதிப் பக்கங்களில் என் கையெழுத்து இருக்கும். பர்வீன் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்ற பட்டியல். நல்ல நோட்டு, பாதிக்குமேல் காலியாக இருக்கிறதே என்று எடுத்து எழுதினேன். தெருவாரியாக. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் ஹபீபா மாமி முதல் பெயர். கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிழிக்கவில்லை. உன் பதினொன்றாம் நாளுக்கும் என் பட்டியலுக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் கிடக்கிறது. அன்று ஏன் அதை விட்டுத் தாண்டினேன் என்று தெரியவில்லை. நேற்று அதில் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் என்று எழுதினேன். வந்த நினைப்பு: இனி என் மகன் நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். பயம்: நூற்றுக்கு நூறு. என்ன செய்தேன்: எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. நீ இதைப் படித்ததும் போனை எடுப்பாய், எனக்குத் தெரியும். "பரவாயில்ல உம்மா" என்று சொல்ல வருவாய். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை சொல்லு, இனிமேல் கேட்க மாட்டேன் என்று நின்றாலும் சொல்லாதே. புதன்கிழமை போய் உன் திட்டத்தை வை. அதுவரை நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.